மூச்சுக்கும் தசைபலம் வேண்டும்: அரிய நுரையீரல் நோயுள்ள பிள்ளைகளின் உணவும் தசைநலமும்

பெற்றோருக்கும் பராமரிப்பாளருக்குமான விளக்கக் கையேடு

பிள்ளைக்கு அரிய நுரையீரல் நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன நாள் முதல் குடும்பத்தின் கவனம் முழுவதும் மூச்சின் மேல்தான் இருக்கும். உயிர்வாயு அளவு எவ்வளவு, இருமல் எப்படி இருக்கிறது, அடுத்த மருந்து எந்நேரம் என்பவைதாம் அன்றாடக் கேள்விகள் ஆகிவிடுகின்றன. அது இயல்பே. ஆனால் நுரையீரல் தானாக விரிவதும் சுருங்குவதும் இல்லை. அதை இயக்குபவை தசைகள். தசைகளுக்கு வேண்டியவை உணவும் அசைவும். இந்த இரண்டையும் வீட்டில் எப்படிக் கவனிக்கலாம் என்பதை இக்கையேடு விளக்குகிறது.

எந்தப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும்?

“அரிய நுரையீரல் நோய்” என்பது ஒரே நோயன்று. காற்றுநுண்ணறைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய திசு தடித்துப்போகும் இடைத்திசு நுரையீரல் நோய்கள், மூச்சுக்குழாய்களைச் சுத்தப்படுத்தும் நுண்ணிழைகள் சரியாக அசையாத பிறவிக் குறைபாடு, கடுமையான கிருமித்தொற்றுக்குப் பிறகு சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நிலை, ஆசியரிடையே மிகவும் அரிதாகக் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனப் பல நோய்கள் இதில் அடங்கும். சிகிச்சை நோய்க்கு நோய் மாறும். ஆனால் இவை எல்லாவற்றிலும் பொதுவாகக் காணப்படும் சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளையின் உடல் செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு உள்ளே போவதில்லை.

சக்தி எங்கே போகிறது?

நலமாக இருப்பவர் ஓய்வாக மூச்சு விடும்போது, உடல் செலவழிக்கும் மொத்தச் சக்தியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே அந்த வேலைக்குப் போகிறது. நுரையீரல் விறைத்துப்போனாலோ மூச்சுக்குழாய் குறுகிப்போனாலோ இந்தப் பங்கு பல மடங்காகக் கூடும். தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. பிள்ளை ஓடியாடாமல் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே உழைத்துக்கொண்டே இருக்கிறான் என்று பொருள்.

மறுபக்கம், உணவு குறைகிறது. விழுங்கும்போது மூச்சைச் சற்று நிறுத்த வேண்டியிருப்பதால், மூச்சுத் திணறும் பிள்ளைக்குச் சாப்பிடுவதே களைப்பாகிவிடும். வயிறு நிறைந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடம் குறையும். அதனால் நாலு வாய் உண்டதுமே “போதும்” என்று தட்டைத் தள்ளிவிடும். பெற்றோர் இதைப் பிடிவாதம் என்று எண்ணக்கூடும். பெரும்பாலும் அது களைப்பு.

வரவு குறைந்து செலவு கூடினால், உடல் தன் சேமிப்பைக் கரைக்கும். கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரையும். கைகால் தசைகளோடு, மூச்சை இழுக்கும் உதரவிதானமும் விலாவெலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் மெலியும். அவை மெலிந்தால் இருமிச் சளியை வெளியேற்றும் வலிமை குறையும். சளி தங்கினால் கிருமித்தொற்று வரும். தொற்று வந்தால் பசி மேலும் குறையும். இந்தச் சுழலை உடைப்பதற்கே உணவுக்கும் தசைக்கும் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது.

வயதும் இங்கு முக்கியம். பிறந்த முதல் சில ஆண்டுகளில் புதிய காற்றுநுண்ணறைகள் வேகமாக உருவாகின்றன. உடல் வளரும்போது நுரையீரலும் உடன் வளர்கிறது. எனவே சின்ன வயதில் சரியான ஊட்டம் கிடைப்பது, நுரையீரல் வளரும் வாய்ப்பைக் காப்பதாகும்.

இரு நகரங்கள் கற்றுத்தந்த பாடம்

உணவு இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா என்று நீங்கள் கேட்கலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளைக் கவனித்துவந்த இரண்டு மருத்துவ நிலையங்களை ஒப்பிட்டு 1988ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்று அமெரிக்காவின் பாஸ்டனிலும் மற்றொன்று கனடாவின் டொரொண்டோவிலும் இருந்தன. இந்நோயில் கொழுப்பு சரியாகச் செரிப்பதில்லை. அதனால் பாஸ்டனில் கொழுப்பு குறைந்த உணவு தரப்பட்டது. டொரொண்டோவிலோ செரிமான நொதி மருந்தைக் கூட்டித் தந்து, கொழுப்பு நிறைந்த உணவையே உண்ணச் சொன்னார்கள். இரு இடங்களிலும் நுரையீரல் செயல்பாடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் டொரொண்டோ நோயாளிகள் உயரமாக வளர்ந்தார்கள். நோயாளிகளில் பாதிப்பேர் எட்டக்கூடிய வயது பாஸ்டனில் 21 ஆகவும் டொரொண்டோவில் 30 ஆகவும் இருந்தது.

அதன் பிறகு, ஊட்டச்சத்து என்பது இந்நோய்க்கான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே உலகெங்கும் கருதப்படுகிறது. மற்ற அரிய நுரையீரல் நோய்களுக்கும் அதே கொழுப்பு மிகுந்த உணவு வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. செரிமானக் கோளாறு இல்லாத பிள்ளைக்குத் தேவை வேறு. பிள்ளை வளரவில்லை என்றால் “நோய் இருப்பதால் அப்படித்தான்” என்று விட்டுவிடக்கூடாது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எடை சரி, தசை சரியா?

தராசு காட்டும் எண் முழு உண்மையையும் சொல்வதில்லை. ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள இரு பிள்ளைகளில் ஒருவருக்குத் தசை அதிகமாகவும் மற்றவருக்குக் கொழுப்பு அதிகமாகவும் இருக்கலாம். உடல் எடைக் குறியீட்டால் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது.

ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளும் பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகக் காணலாம். இடைத்திசு நுரையீரல் நோய்கள் பலவற்றில் அழற்சியைத் தணிக்கப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது. நீண்ட நாள் எடுக்கும்போது பசி மிகும், முகம் உருண்டு காணப்படும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும். அதே வேளையில் தொடை, இடுப்புத் தசைகள் மெலியும், எலும்பின் வலிமையும் குறையலாம். உறவினர் வந்து, “பிள்ளை நன்றாகத் தேறிவிட்டானே, கன்னம் கொழுகொழுவென்று இருக்கிறதே” என்பார்கள். அந்தப் பிள்ளையே தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாமல் தடுமாறக்கூடும்.

இதைப் பார்த்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வரவேண்டாம். ஒன்று, எடை கூடிவிட்டது என்று புரத உணவையும் சேர்த்துக் குறைப்பது. மற்றொன்று, பயந்து மருந்தை நிறுத்துவது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீண்ட நாள் மருந்து எடுத்த உடல், தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்தின் அளவை மருத்துவர் மட்டுமே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டிலேயே நீங்கள் கவனிக்கக்கூடிய அறிகுறிகள்:

• தரையிலிருந்தோ தாழ்வான நாற்காலியிலிருந்தோ எழக் கையை ஊன்றுவது
• முன்பு ஏறிய படிகளில் இப்போது பாதியில் நிற்பது
• புத்தகப்பையைத் தூக்கச் சிரமப்படுவது
• மேற்கையும் தொடையும் மெலிந்து, சட்டைக் கை தொளதொளவெனத் தெரிவது
• இருமலின் ஒலி பலவீனமாவது
• ஒவ்வொரு வேளையும் சாப்பிட அரை மணி நேரத்துக்கும் மேலாவது

மருத்துவமனையில் மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் கைப்பிடி வலிமையைக் கருவியால் பார்ப்பார்கள். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்றும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் சோதனையும் உண்டு. இவற்றில் எதுவும் வலிக்காது. கடந்த முறை எடுத்த அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேளுங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணைக் காட்டிலும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயனுள்ள செய்தி.

தட்டில் என்ன வைக்கலாம்?

நலமான பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் ஒரு நாளுக்குப் போதும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 20 கிராம். நோயுள்ள பிள்ளைக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநர் கணக்கிட்டுச் சொல்வார்.

நம் வீட்டுச் சமையலில் வயிறு நிறைவது எளிது. புரதம்தான் சில நேரம் குறைந்துபோகும். ரசச் சோறும் கஞ்சியும் தொண்டைக்கு இதமானவை. ஆனால் ஒரு கிண்ணம் ரசச் சோற்றில் பெரும்பகுதி தண்ணீரும் மாவுச்சத்துமே. அதை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு ஏதாவது சேர்த்தால் போதும்:

• ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. இட்லி, தோசைக்குச் சாம்பாரோடு ஒரு முட்டையும் வைக்கலாம். தோசைக்கல்லிலேயே ஊற்றி முட்டைத் தோசையாகவும் தரலாம்.
• கஞ்சியை வெறும் தண்ணீரில் வைக்காமல் பாசிப்பருப்பு, கோழி அல்லது மீன் சேர்த்துக் குழைய வேகவைக்கலாம்.
• ஒரு குவளைப் பாலில் 7 முதல் 8 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகுக் கூழைப் பாலில் காய்ச்சினால் புரதத்தோடு சுண்ணாம்புச்சத்தும் கூடும்.
• சைவ உணவு உண்பவர்கள் தயிர், பனீர், பருப்பு, கொண்டைக்கடலை, தவ்குவா, தெம்பே ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம்.
• எலும்போடு உண்ணக்கூடிய நெத்திலியைப் பொடித்துச் சோற்றில் தூவலாம். உப்பு மிகுதியாக இருக்கும் என்பதால் நன்றாகக் கழுவி ஊறவைத்துப் பயன்படுத்துங்கள்.

எடை கூட வேண்டும் என்று மருத்துவக் குழு சொல்லியிருந்தால், உணவின் அளவைக் கூட்டாமல் அதன் சக்தியைக் கூட்டுவதே நல்ல வழி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரிதான். ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சோற்றில் கலந்தால் ஏறத்தாழ 40 கலோரி கூடும். பிள்ளை கூடுதலாக ஒரு வாய்கூட மெல்ல வேண்டியதில்லை. வேர்க்கடலை வெண்ணெயை ரொட்டியில் மெல்லியதாகத் தடவித் தரலாம். சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலை தரவேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கொழுப்பு குறைந்த பாலைத் தேர்ந்தெடுங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்று சுகாதார விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் அறிவுரைகள் பொதுமக்களுக்கானவை. உங்கள் பிள்ளைக்குக் கொழுப்பு நீக்காத பாலே உகந்தது என்று உணவியல் வல்லுநர் சொன்னால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். ஆனால் சர்க்கரை மிகுந்த பானங்கள் விஷயத்தில் விதிவிலக்கு இல்லை. அவை பசியை அடைத்துவிடும். தசைக்கு எதுவும் தருவதில்லை.

தேக்கா சந்தையில் மீனோ கோழியோ வாங்கும்போது முள், எலும்பு நீக்கித் துண்டுபோடச் சொல்லுங்கள். சின்னத் துண்டுகளாக உறையவைத்தால், பிள்ளைக்குப் பசி எடுக்கும் நேரத்தில் உடனே சமைத்துவிடலாம். வெளியே சாப்பிடும்போது, வெறும் பராட்டாவுக்குப் பதில் முட்டைப் பராட்டாவும் பருப்புக் குழம்பும் கேட்கலாம். ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும் பிள்ளைக்குக் காப்பிக்கடையில் தரும் அரைவேக்காட்டு முட்டையைக் கொடுக்காதீர்கள். முட்டையும் மீனும் இறைச்சியும் முழுமையாக வெந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம் போராட்டமாகாமல் இருக்க

• மூன்று பெரிய வேளைகளுக்குப் பதில் ஐந்து அல்லது ஆறு சிறிய வேளைகளாகப் பிரியுங்கள்.
• உண்பதற்கு முன் சற்று ஓய்வு கொடுங்கள். நெஞ்சுச் சளி அகற்றும் பயிற்சியைச் சாப்பிட்ட உடனே செய்யாமல், சாப்பாட்டுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.
• உயிர்வாயு பயன்படுத்தும் பிள்ளைக்குச் சாப்பிடும்போது அதைக் கழற்ற வேண்டாம். அந்நேரத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். சாப்பிட்டதும் படுக்கவைக்காதீர்கள்.
• சத்துள்ள உணவை முதலில் கொடுங்கள். தண்ணீரையும் சூப்பையும் பின்னால் கொடுங்கள்.
• சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். பேச்சுச் சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வளர்ச்சி போதவில்லை என்றால், மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய் பொருத்தி ஊட்டலாம் என்று மருத்துவக் குழு சொல்லக்கூடும். இதைக் கேட்டதும் பல தாய்மார்கள் தங்களால் ஊட்ட முடியவில்லையே என்று மனம் நொந்துபோகிறார்கள். குழாய் ஊட்டம் தோல்வியன்று. பிள்ளை உறங்கும்போது சத்து உள்ளே போகும். பகலில் விரும்பியதை விரும்பிய அளவு உண்ணலாம். சாப்பாட்டு மேசையில் இருந்த கண்ணீரும் குறையும்.

வீட்டுப் பெரியவர்களோடு பேச

பாலும் தயிரும் வாழைப்பழமும் “குளிர்ச்சி”, சளியைக் கூட்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பால் குடித்ததும் எச்சிலோடு கலந்து தொண்டையில் சற்றுக் கெட்டியாகத் தோன்றும். ஆனால் பால் நுரையீரலில் சளியைப் பெருக்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பால் ஒவ்வாமை உள்ள பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு இவற்றை நிறுத்தினால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும்தான் குறையும். தாத்தா பாட்டிக்குத் தயக்கம் இருந்தால், பாலை இளஞ்சூடாகவும் தயிரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்தும் கொடுக்கலாம். மருந்தகத்துக்கு வரும்போது அவர்களையும் அழைத்து வாருங்கள். உணவியல் வல்லுநர் சொல்லி அவர்களே நேரில் கேட்பது நல்லது.

புரட்டாசி மாதத்தில் வீட்டில் அசைவம் சமைக்காவிட்டால், அந்த வாரங்களுக்கான சைவப் புரதத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு இருக்கப் பிள்ளை ஆசைப்பட்டால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நோயுற்றோருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. உடலைத் தேற்றும் என்று சொல்லி விற்கப்படும் லேகியம், மூலிகைத் தூள், புரதப் பொடி எதையும் மருத்துவக் குழுவுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில, மருந்தோடு மோதும்.

அசைந்தால்தான் தசை

புரதம் செங்கல் என்றால், அசைவுதான் கொத்தனார். உண்பது மட்டும் போதாது. பயன்படுத்தாத தசை வளராது. மூச்சு வாங்கும் என்ற அச்சத்தில் பிள்ளையை உட்காரவைத்தே பழக்கினால் தசை மெலியும். மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக உயிர்வாயு கேட்கும். பிறகு மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும்.

எவ்வளவு செய்யலாம் என்பதை இயன்முறைச் சிகிச்சையாளர் முடிவு செய்வார். அவர் ஒப்புதலோடு வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஐந்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் ஐந்து முறை என்று செய்யலாம். சிறிய தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கலாம். வீட்டுக்கு வெளியே ஒரே படியில் ஏறி இறங்கலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தைத் தட்டி விளையாடலாம். ஐந்து நிமிடம் வீதம் ஒரு நாளில் பல முறை செய்வதும் பயன் தரும். விளையாடிக்கொண்டே பிள்ளையால் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

பள்ளியில் உடற்கல்வி வகுப்பிலிருந்து முழு விலக்குக் கேட்காமல், பிள்ளை எதைச் செய்யலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் எழுதிய கடிதத்தை ஆசிரியரிடம் கொடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து நிற்பதும் பிள்ளைக்கு மருந்துதான்.

புகைமூட்ட நாட்களில் தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவிக்கும் காற்றுத்தரக் குறியீட்டைப் பாருங்கள். 24 மணி நேர அளவு 100ஐத் தாண்டும்போது நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் வெளியே கடினமாக உடலை வருத்தக்கூடாது. அன்றைய பயிற்சியை வீட்டுக்குள் செய்யலாம், நிறுத்திவிட வேண்டியதில்லை. வீட்டுக்குள் சிகரெட்டுப் புகையும் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அருகே புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும், கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கான நுரையீரல் நிபுணர்கள் இருக்கிறார்கள். உணவியல் வல்லுநர், இயன்முறைச் சிகிச்சையாளர், மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோரும் அங்கேயே உள்ளனர். தமிழில் விளக்கம் தேவைப்பட்டால் சந்திப்புக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சிறப்பு ஊட்டப் பாலுக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவு கவலை தந்தால், வாங்குவதைக் குறைப்பதற்கு முன் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சும் சிங்ஹெல்த் நிதியும் இணைந்து 2019 ஜூலையில் தொடங்கிய அரிய நோய் நிதி, குறிப்பிட்ட சில அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கு உதவுகிறது. எல்லா நுரையீரல் நோய்களும் அதில் அடங்குவதில்லை. உங்கள் பிள்ளைக்கு எந்த உதவி பொருந்தும் என்பதை அவரே பார்த்துச் சொல்வார்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கடந்த முறையைவிட என் பிள்ளையின் உயரமும் எடையும் எப்படி உள்ளன?
2. தசையின் நிலையைத் தனியாக அளந்தீர்களா?
3. ஒரு நாளுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கலோரி தேவை?
4. வைட்டமின் டி, சுண்ணாம்புச்சத்து அளவு போதுமா?
5. எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம்? எப்போது நிறுத்த வேண்டும்?

உடனே செயல்பட வேண்டிய நேரம்

உதடோ நாக்கோ நீலமாக மாறினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்கு இடையில் சதை உள்ளே குழிந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாத அளவு மூச்சுத் திணறினாலோ, எழுப்ப முடியாதபடி சோர்ந்து கிடந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள். வாந்தியால் ஸ்டீராய்டு மருந்து வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ சில வாரங்களாகக் கூடாமல் நின்றாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இக்கையேடு பொதுவான விளக்கத்துக்காகத் தரப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கான உணவு, மருந்து, பயிற்சி ஆகியவற்றை மருத்துவக் குழுவோடு கலந்து முடிவு செய்யுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள்.